மலையில் ராத்திரி இரண்டு மணி: நீலகிரியில் குழந்தைகளுக்கான நோய் ஆதரவுச் சுற்று

முதல் நாள்: மேட்டுப்பாளையம், கல்லாறு, குன்னூர்

நோய் ஆதரவு (பாலியேட்டிவ் கேர்) என்றால் வலி, மூச்சுத்திணறல் போன்ற வேதனைகளைக் குறைக்கும் கவனிப்பு. அதற்காக வீடு வீடாகப் போகும் எங்கள் ஐந்து நாள் சுற்று இது. கோவையில் டிஸ்சார்ஜ் ஆகி மேலே வரும் குழந்தைக்கு முதல் சோதனை இந்த ரோடுதான். கல்லாறு தாண்டினால் கொண்டை ஊசி வளைவு, பர்லியாறு தாண்டினால் இன்னும் வளைவு. புற்றுநோய் எலும்புக்குப் பரவிய குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறும் அம்மாவுக்கு, டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கடும் வலிக்குக் கொடுக்கும் வாய்வழி மார்பின் வேலை செய்ய ஆரம்பிக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் உச்சம். அதனால் மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிற்கும்போதே ஒரு கூடுதல் டோஸ் உள்ளே போய்விட வேண்டும். மரப்பாலத்தில் பிள்ளை துடிக்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால், குன்னூர் வந்து சேர்ந்த பின்தான் பலன் தெரியும். வளைவில் வாந்தி எடுத்துவிட்டால்? கொடுத்து 15 நிமிடத்துக்குள் மருந்து அப்படியே வெளியே வந்திருந்தால் மறுபடி கொடுக்கலாம். அதற்கு மேல் ஆகியிருந்தால் தானாகக் கொடுக்காமல் போன் போட்டுக் கேட்பது நல்லது.

குன்னூர் பக்கத்து லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முதலில் பார்ப்பது மருந்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. ஒரு வீட்டில் ஜன்னல் திட்டில் மூன்று பாராசிட்டமால் பாட்டில்கள் நின்றன. மூன்றிலும் மருந்து ஒன்றே, வீரியம் வேறு. 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளது ஒன்று, 250 மி.கி. உள்ளது இன்னொன்று, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. ‘5 மி.லி. கொடுங்க’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் எந்த பாட்டிலில் இருந்து ஊற்றுவார்கள்? சொட்டு மருந்தில் 5 மி.லி. என்றால் 500 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி.தான் அளவு. ஒரு பாட்டிலை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வீட்டை விட்டே அகற்றுவதுதான் சரி.

மார்பினிலும் இதே குழப்பம் வரும். சிரப் கையில் இல்லாதபோது 10 மி.கி. சாதா மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. ஆறிய வெந்நீரில் கலக்கிக்கொள்ளலாம். அப்போது 1 மி.லி.யில் 1 மி.கி. பொடி அடியில் தங்கிவிடும் என்பதால் கலக்கிய கையோடு சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். மீதியை வைத்திருந்து அடுத்த வேளைக்குக் கொடுக்கக் கூடாது. உடல் நலிந்த 15 கிலோ குழந்தைக்கு டாக்டர் கிலோவுக்கு 0.1 மி.கி. என்று தொடங்கினால் ஒரு வேளைக்கு 1.5 மி.லி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு ஆறு வேளை, ஆக 9 மி.கி. நடுவில் வலி முட்டினால் கொடுக்கும் கூடுதல் டோஸ் அந்த நாள் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 1 மி.லி.க்கும் குறைவு. (இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்கு. அளவு எப்போதும் எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவதுதான்.)

1.5 என்று எழுதியதில் புள்ளி அழிந்தால் 15. அதனால் சீட்டை நம்பாமல் சிரிஞ்சின் மேலேயே சிவப்பு பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டிவிடுகிறோம்: ‘இந்தக் கோடு வரைக்கும்’. படிக்கத் தெரியாத பாட்டிகூட சரியாகக் கொடுப்பார். கூடுதல் டோஸுக்குத் தனியாக ஒரு 1 மி.லி. சிரிஞ்ச், அதில் பச்சை பிளாஸ்திரி. ‘எஸ்.ஆர்.’ என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரையை மட்டும் பொடிக்கவே கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மெதுவாக இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும்.

மலச்சிக்கல் வந்த பிறகு பார்க்கலாம் என்று விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மார்பின் தொடங்கும் அன்றே பேதி மருந்தும் தொடங்க வேண்டும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் இரண்டு மூன்று நாளில் தானாகக் குறையும். மலச்சிக்கல் குறையாது. ‘மருந்து ஒத்துக்கல, நிறுத்திட்டோம் சிஸ்டர்’ என்று வரும் போன்களில் பெரும்பாலானவை நான்கு நாள் வயிறு போகாத கதைதான்.

இரண்டாம் நாள்: கோத்தகிரி

குழந்தைகளுக்கான நோய் ஆதரவு என்றாலே புற்றுநோய் என்று நினைப்பு. கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளிலும் (படுகர் கிராமங்கள்) எஸ்டேட்டுகளிலும் ஏறி இறங்கினால் அந்த நினைப்பு மாறிவிடும். மூளை முடக்குவாதம், பிறவி இதய நோய், தசைச் சிதைவு, அடங்காத வலிப்பு என்று வருடக்கணக்கில் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளே அதிகம். இந்தச் சிகிச்சை ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று கைவிரித்த பிறகு வருவது என்ற எண்ணமும் அப்படித்தான். நோய் தெரிந்த நாளில் மற்ற சிகிச்சையோடு சேர்ந்தே தொடங்க வேண்டியது இது. உலக சுகாதார மாநாடு 2014-இல் நிறைவேற்றிய தீர்மானமும் அதைத்தான் சொல்கிறது.

பேச முடியாத பிள்ளைக்கு வலிக்கிறதா என்பதை எப்படி அறிவது? முகம், கால், உடல் அசைவு, அழுகை, சமாதானமாகும் விதம் என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டால் மொத்தம் பத்து. ஆனால் மூளை முடக்குவாதப் பிள்ளையின் கால் எப்போதுமே விறைத்திருக்கும், முகம் எப்போதுமே சுருங்கியிருக்கலாம். அதனால் முதலில் அம்மாவிடம் கேட்டு எழுதுகிறோம்: வலியில்லாத நாளில் இவன் எப்படி இருப்பான், வலி வந்தால் என்ன மாறும்? ஒரு பிள்ளை வலி வந்தால் சத்தமே போடாமல் உறைந்துவிடும். அட்டவணையில் அது சைபர் மதிப்பெண், அம்மாவின் கணக்கில் பத்து. அம்மா சொல்வதுதான் சரி.

காரணம் தேடும்போது வரிசையாகப் பார்க்க வேண்டியவை: மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சொத்தைப் பல், இடுப்பு மூட்டு நழுவல், காதுவலி, படுக்கைப் புண். தூக்க மாத்திரையை ஏற்றுவதற்கு முன்னால் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு போகும் குழாய் இருக்கும் வீடுகளில் கேழ்வரகுக் கஞ்சி நல்ல உணவு, ஆனால் குழாயின் எதிரி. கெட்டியாகக் காய்ச்சி வடிகட்டாமல் ஊற்றினால் அன்று மாலையே அடைப்பு. துணியில் இரண்டு முறை வடிகட்டி, சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டுத் தானாக இறங்க விட வேண்டும். 20, 30 நிமிடம் ஆகட்டும். அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குப் போகும். ஊட்டும்போதும் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். லைன் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் போதும். ஒவ்வொரு மருந்துக்கும் பிறகு 5 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.

குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பது பழைய வழக்கம். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும் என்பதே சிக்கல். கொஞ்சம் உறிஞ்சி அமிலத் தாளில் (pH தாள்) வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். தாள் இல்லாத இடத்தில், மூக்கருகே குழாயில் போட்ட மார்க்கர் கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் பார்ப்பது குறைந்தபட்ச காவல். கோடு நகர்ந்திருந்தாலோ ஊட்டும்போது இருமினாலோ நிறுத்திவிட வேண்டும்.

வலிப்புக்கு: கையில் சாவி, இரும்பு திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து மொபைலில் நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்பிரே. கிலோவுக்கு 0.2 மி.கி. கணக்கில் பத்து கிலோ குழந்தைக்கு 2 மி.கி. ஒரு அழுத்தத்துக்கு 0.5 மி.கி. வரும் பாட்டில் என்றால் மூக்கின் ஒவ்வொரு துளையிலும் இரண்டு. ஆனால் ஒரு அழுத்தத்துக்கு 1.25 மி.கி. தரும் பாட்டிலும் கடையில் கிடைக்கிறது. ‘நாலு தடவை அடிங்க’ என்று மனப்பாடம் செய்த அப்பா, அடுத்த முறை வேறு பாட்டில் வாங்கி வந்தால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். எண்ணிக்கையை எழுதி அந்தப் பாட்டிலிலேயே ஒட்ட வேண்டும், பாட்டில் மாறினால் ஒட்டியதும் மாற வேண்டும். புது பாட்டிலின் முதல் சில அழுத்தங்களில் வெறும் காற்றுதான் வரும். அதை முன்கூட்டியே காற்றில் அடித்துத் தயாராக வைக்காததால்தான் ‘மருந்து கேட்கல’ என்று பல நேரம் ஆகிறது.

மூன்றாம் நாள்: ஊட்டி

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக மேலே. விடியற்காலையில் புல்வெளி உறைபனியில் வெளுத்திருந்தது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கே, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் மீட்டரில் 94, 95 காட்டலாம். சென்னை டாக்டர் எழுதிய ‘95-க்குக் கீழே போனால் ஆக்சிஜன்’ என்ற வரியை அப்படியே இங்கே பின்பற்றினால் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு மாஸ்க் போட வேண்டும். குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலும் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும். விரலைச் சூடாகத் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

மூச்சுத்திணறல் என்றதும் ஆக்சிஜன் மெஷின் கேட்கிறார்கள். ஆக்சிஜன் உண்மையில் குறைந்த பிள்ளைக்கு அது தேவை. அளவு சரியாக இருந்தும் திணறும் பிள்ளைக்குச் சிறிய அளவு மார்பின், நிமிர்த்திச் சாய்த்த படுக்கை, முகத்தில் படும் காற்று ஆகியவையே அதிகம் உதவும். ஊட்டியில் மின்விசிறி என்றால் பாட்டிமார் சண்டைக்கே வருவார்கள். உடம்பைக் கம்பளியால் மூடிவிட்டு, சின்ன கைவிசிறியைக் கன்னத்தின் பக்கம் மட்டும் பிடித்தால் போதும்.

மெஷின் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கையேட்டில் உள்ள உயர வரம்பு. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பல மெஷின்களில் வரும் ஆக்சிஜனின் தூய்மை குறையும், ஊட்டி அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. இரண்டு, கரண்ட். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் மூன்று மணி நேரத்தில் வராது. கூடவே ஒரு பி-டைப் சிலிண்டர் இருக்க வேண்டும்: 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் பன்னிரண்டு மணி நேரம். ஸ்பேனரைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். இருட்டில் தேடும் பொருள் அதுதான்.

குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கத்தை மட்டும் எந்த வீட்டில் கண்டாலும் கடுமையாகவே பேசுகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, விரல் மீட்டரிலும் தெரியாது. மீட்டர் 98 காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும். ஆக்சிஜன் ஓடும் ரூமில் அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. உதடு வெடிக்கிறதே என்று வாசலைன் தடவுவதும் ஆக்சிஜன் மாஸ்க்கோடு ஆகாது. ஈரத்துணியால் ஒற்றினால் போதும். வெந்நீர் பையைத் துணி சுற்றாமல் வைத்தால், உணர்வு குறைந்த பிள்ளையின் தோல் வெந்துபோவது காலையில்தான் தெரியும்.

நான்காம் நாள்: பைக்காரா, நடுவட்டம், கூடலூர்

50 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். ஸ்வெட்டர் நடுவட்டத்தில் கழன்றுவிடும்.

கூடலூரைப் பற்றிப் பேசினால் சிக்கிள் செல் (அரிவாள் அணு நோய்) இல்லாமல் முடியாது. இந்தியாவில் இந்த ரத்த நோயை முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடியினரிடையேதான், 1952-இல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து விறைத்து, சிறு ரத்தக் குழாய்களில் மாட்டிக்கொள்கின்றன. அடைபட்ட இடத்தில் எலும்பே நொறுங்குவது போன்ற வலி. கைக்குழந்தைக்குக் கைகால் விரல்கள் வீங்குவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி.

வலியைக் கிளப்பிவிடுபவை குளிர், தண்ணீர் குறைவது, காய்ச்சல், அதிக ஓட்டம். நான்கில் மூன்று இந்த மலையில் தினசரி விஷயம். மழையில் நனைந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மாற்றுச் சட்டை பையில் இருக்க வேண்டும். தண்ணீர் 20 கிலோ பிள்ளைக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது, காய்ச்சலில் இன்னும் கூட. குளிர்காலத்தில் தாகம் எடுக்காது என்பதால் டீச்சரிடம் சொல்லிவைத்துப் பாட்டிலைக் காலி செய்ய வைக்க வேண்டும். பாட்டிலைக் காலி செய்யும் பிள்ளை அடிக்கடி ஒன்றுக்குப் போகும். அதற்கு அனுமதி இல்லாத வகுப்பில் பிள்ளை குடிப்பதையே நிறுத்திவிடும்.

வலி வந்ததும் வெதுவெதுப்பான ஒத்தடம், தண்ணீர், பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வரை. தேவைப்பட்டால் வயிற்றில் உணவோடு ஐபுபுரூஃபென் கிலோவுக்கு 10 மி.கி. வரை; வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருந்தால் மட்டும் வேண்டாம், கிட்னிக்கு ஆகாது. ஐஸ் எந்த நிலையிலும் கூடாது. ஒரு மணி நேரத்தில் குறையாவிட்டால் அடுத்த படி மார்பின். நடுவில் கோடீன், டிரமடால் என்ற மிதமான வலி மருந்துகளுக்கு ஒரு படி முன்பு இருந்தது. கோடீனை மார்பினாக மாற்றும் வேகம் உடம்புக்கு உடம்பு வேறு: சிலருக்குப் பலனே இல்லை, சிலருக்கு மூச்சே அடங்கும் அளவு மாறிவிடும். அதனால் உலக சுகாதார நிறுவனம் 2012-இல் குழந்தைகளுக்கு அந்தப் படியையே எடுத்துவிட்டது. இன்றும் சீட்டில் டிரமடால் எழுதப்படுவதற்குக் காரணம் மார்பின் மீதுள்ள பயம்.

சட்டத்தின் பக்கமும் அந்தப் பயத்துக்கு இப்போது பெரிய காரணம் இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகளுக்குப் பல உரிமங்கள் வாங்கி அலைய வேண்டாம். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம், பயிற்சி பெற்ற டாக்டர், ஒழுங்கான பதிவேடு போதும். நாடுகாணி வழியாக இறங்கினால் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் ஒரு மாநிலத்தின் வழக்கத்தையே மாற்றியது, 2008-இல் அந்த அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. நம் பக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு நோய் ஆதரவுச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். அவர் பையில் குழந்தைக்கான அளவில் மருந்தும் சிரிஞ்சும் இருந்தால்தான் அந்த வருகை முழுமையாகும்.

சிக்கிள் செல் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல். நெஞ்சுவலியோடு வேகமான மூச்சு. ஒரு பக்கக் கை கால் தளர்வு. திடீரென வெளுத்துப்போய் வயிறு வீங்குதல், அதாவது மண்ணீரலில் ரத்தம் தேங்குவது. இதற்காகவே அம்மாவுக்கு மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தருகிறோம். பிள்ளை மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கியிருக்க, அம்மாவின் விரல்கள் வயிற்றின் இடப்புறம் கீழிருந்து விலா நோக்கி மெதுவாக ஏறும். கெட்டியான விளிம்பு எங்கே இடிக்கிறதோ அங்கே பேனாவால் கோடு. அடுத்த நாள் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால் வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

இனி இந்த மலைக்கே உரிய ஒரு சங்கடம். கூடலூரிலிருந்து ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது என்றால், ஏற்கெனவே ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளையை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்துக்கு, குளிருக்குள் ஏற்றுகிறோம். சிக்கிள் செல்லுக்கு இரண்டுமே எதிரி. அனுப்பாமல் இருக்க முடியாதுதான். ஆனால் வண்டி கிளம்பும்போதே ஆக்சிஜன், கம்பளி, தொப்பி, காலுறை, வழியில் குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர், முன்கூட்டியே வலி மருந்து எல்லாம் இருக்க வேண்டும். பைக்காரா வந்ததும் தேடக் கூடாது.

ஹைட்ராக்சியூரியா தினமும் எடுக்கும் பிள்ளைகளுக்கு வலி வருவது குறைகிறது. மாதாமாதம், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கர்ப்பிணி அக்காவோ அத்தையோ அந்தக் கேப்ஸ்யூலை வெறும் கையால் பிரித்துக் கொடுக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் சிக்கிள் செல்லும் தலசீமியாவும் உண்டு. அடையாள அட்டை எடுக்காத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

ஐந்தாம் நாள்: தேவாலா, பந்தலூர்

இந்தப் பக்கம் சாயங்காலம் ஆறுக்கு மேல் யாரும் நடப்பதில்லை. யானை. மருந்துக்கடை இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் ராத்திரி அது இல்லாத மாதிரிதான். ஆகவே கடைசி நாட்களை எட்டிய பிள்ளையின் வீட்டில் எல்லாம் பகலிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஒரு பிஸ்கட் டப்பா போதும். அதில் மார்பின், பிளாஸ்திரி ஒட்டிய சிரிஞ்சுகள், வலிப்பு ஸ்பிரே, விழுங்க முடியாதபோது ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால், தொண்டைச் சளி களகளக்கும்போது கொடுக்கும் மருந்து, டார்ச், எங்கள் நம்பர். மூடியின் உட்புறத்தில் ஒரு தாள்: வலித்தால் இது, திணறினால் இது, வலிப்பு வந்தால் இது. கீழே தடித்த எழுத்தில், 108-ஐக் கூப்பிடுவதா வேண்டாமா என்று குடும்பம் முன்பே எடுத்த முடிவு. அந்த வரி இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குப் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். பிள்ளை வீட்டில் இருக்க ஆசைப்பட்டு, கடைசியில் ஆம்புலன்ஸில் வளைவுகளுக்கு நடுவே போய்ச் சேரும்.

களகளப்புச் சத்தம் பெற்றவர்களைத்தான் வதைக்கும், பிள்ளையை அவ்வளவாக அல்ல. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாதி குறையும். குழாய் விட்டு ஆழமாகச் சளியை உறிஞ்சுவது (சக்‌ஷன்) சளியை அதிகமாக்கும். சாப்பிடவில்லையே என்று வாயில் கஞ்சியைத் திணிப்பதைத் தடுப்பதுதான் கஷ்டமான வேலை. பதிலாக அம்மாவின் கைக்கு ஒரு வேலை தருகிறோம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் வாய் துடைப்பது.

கூடப்பிறந்தவர்களிடம் ‘பாப்பா தூங்கிட்டா’ என்று சொல்ல வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை அதன் பிறகு தூங்கவே பயப்படும். ‘உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு, இனி வலிக்காது, நீ எதுவும் செஞ்சதால இல்ல’ என்று நேராகச் சொல்லலாம். கடைசிச் சொற்றொடரைப் பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். முந்தாநாள் பொம்மைக்குச் சண்டை போட்ட அண்ணனுக்கு அதுதான் தேவை.

வீட்டில் இறப்பு நேர்ந்தால் போலீஸ் வருமோ என்று கேட்கிறார்கள். நோயால் எதிர்பார்த்த இறப்புக்கு அந்தப் பயம் வேண்டாம். தொடர்ந்து பார்த்த டாக்டரின் கடிதம் டப்பாவில் முன்பே இருந்தால் சான்றிதழ் வேலை சிக்கலில்லாமல் முடியும். பதிவுக்கு 21 நாள் அவகாசம். மீதி மார்பின் மாத்திரைகளைக் குடும்பத்தார் முன்னால் எண்ணி, எண்ணிக்கையை அவர்களிடமே எழுதிக் கையெழுத்து வாங்கி, கொடுத்த மருத்துவமனையின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். சிலிண்டரையும் கட்டிலையும் அன்றே எடுத்துப் போகாதீர்கள். காரியம் முடிந்து, அவர்களாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகு வண்டி அனுப்பினால் போதும்.